ஏழு பெட்டிகளும் திறந்திருந்த காலை

எனக்குக் கல்யாணமான காலத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே சாமான் கிடங்கில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவேன். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசியும் உப்புக்காற்றின் பிசுபிசுப்புமாக இருக்கும்.

என் மனைவி மேற்கே ஆற்றோரம் நெல் விளைகிற ஒரு ஊர்க்காரி. எட்டாவது வரை படித்தவள். அதிகம் பேசமாட்டாள். முதல் ஒரு வருஷம் எங்களுக்குள் நடந்த பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். சாப்பாடு, பஸ், மழை, அவ்வளவுதான். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் தேனீ. ஆழ்வார்திருநகரியில் மூன்று நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் போயிட்டு வரட்டா?"

"தேனீயா? கொட்டுமேளா."

"கொட்டும். அதுக்கென்ன?"

கை கழுவிவிட்டு எழுந்தேன். அண்ணனிடம் போய்க் கேட்டேன். எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவனான அண்ணன்தான் என்னை வளர்த்துப் படிக்க வைத்தவன். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி அவனும் மதினியும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அண்ணன் நெல் வயல் பார்த்தான். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"போயிட்டு வரட்டும்ல. வீட்டுக்குள்ளயே கெடந்து என்ன செய்வா? பஸ்ஸுக்கு நானே கூட்டிட்டுப் போய் விடுதேன்."

பயிற்சி முடிந்து வரும்போது ஒரு காலிப் பெட்டியும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஈயை நாமேதான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வாய்க்கால் ஓரத்துப் புளியமரப் பொந்தில் ஒரு கூட்டம் இருப்பதை அண்ணன் காட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனோம்.

தேங்காய்ச் சவுரி நாரைப் பற்றவைத்துப் பொந்துக்குள் புகை விடுவது என் வேலை. அண்ணன் கோடாலியால் பொந்தின் வாயைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செதுக்கி அகலமாக்கினான். அவள் கையை உள்ளே விட்டுத் தேனடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தாள். தேன் இருந்த பாகத்தைத் தனியே வைத்துவிட்டு, புழுவும் முட்டையும் இருந்த பாகத்தை மட்டும் பெட்டியின் மரச்சட்டங்களில் பொருத்தி வாழைநாரால் கட்டினாள். இரண்டு மூன்று இடத்தில் கொட்டு வாங்கினாள். முகம் சுளிக்கவில்லை. கொடுக்கை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த அடைக்குப் போனாள். அண்ணனுக்குக் கண்ணிமையில் கொட்டியது. ஒரு கண் மூடியபடி கோடாலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், வலிக்குதா?" என்று அவனைக் கேட்டாள்.

"இல்லம்மா, நல்லா இருக்கு. நீ ராணியத் தேடு."

அவள் தேடினாள். கொத்தாகத் தொங்கிய ஈக்களை விரலால் மெல்ல விலக்கிக்கொண்டே போனாள். திடீரென்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இந்தா பாருங்க, பாருங்க." மற்ற ஈக்களைவிட நீளமாக, கறுத்து, வயிற்றை இழுத்துக்கொண்டு ஒன்று ஊர்ந்தது. அதைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை தாமாகவே வரிசையாக வாசலுக்குள் நடந்தன. அவள் முகத்தை அன்றுதான் அவ்வளவு அருகில் பார்த்தேன். கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் அவளிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் கால்களுக்கு அடியில் மண்சட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஐப்பசி மழையில் பூ இல்லாத நாட்களில் சீனிப்பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி, ஈ முழுகாமல் இருக்க அதில் ஒரு குச்சியும் போட்டு உள்ளே வைத்தாள். வாரம் ஒருநாள் மூடியைத் திறந்து, மெழுகுப்புழு விழுந்திருக்கிறதா என்று அடியைச் சுரண்டிப் பார்த்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி பூத்துவிட்டது, தென்னையில் பாளை வெடித்துவிட்டது, இன்றைக்கு ஈ மஞ்சள் மகரந்தம் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டே பரிமாறுவாள். நானும் கடலில் வந்து நிற்கும் கப்பலைப் பற்றிச் சொல்வேன். அவள் கேள்வி கேட்பாள். புருஷன் பெண்டாட்டியாக நாங்கள் அப்போதுதான் ஆனோம்.

ஒரு பெட்டி இரண்டாயிற்று. மாசியில் கூட்டம் பெருத்துப் புது ராணி வளர்க்கும் நேரம் பார்த்து அவளே பிரித்து வைத்தாள். மூன்றாம் வருஷம் வீட்டின் பின்னால் ஏழு பெட்டிகள் இருந்தன. அவற்றை வைக்க ஏழு பலகைகளை அடித்துக் கொடுத்தவன் அண்ணன். அவள் தேன் எடுத்தால் முதல் கிண்ணம் அவன் வீட்டுக்குப் போகும்.

ஒரே ஒரு பயம்தான் அவளுக்கு இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன் வயல். அந்த வருஷங்களில் புது ரக நெல் வந்து, அதோடு பூச்சி மருந்தும் வந்திருந்தது. நெல் பூத்திருக்கும்போது ஈக்கள் காலையில் மகரந்தத்துக்குப் போகும். வரப்போரத் தண்ணீரைக் குடிக்கும். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவளும் அண்ணனும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மருந்து அடிப்பதற்கு முந்தின சாயங்காலமே அண்ணன் சொல்லிவிடுவான். பொழுது அடைந்து ஈயெல்லாம் உள்ளே வந்தபின் அவள் வாசலை வலைத்துணியால் அடைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போடுவாள். மறுநாள் முழுக்கச் சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். அதற்கு அடுத்த நாள் காலையில் திறந்துவிடுவாள். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூட அண்ணன் சொல்லாமல் மருந்து அடித்ததில்லை.

மூன்றாம் வருஷம் தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நெல் பூத்துப் பால் பிடிக்கிற பருவம். நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அண்ணன் கடைப்பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, கதிர்நாவாய்ப்பூச்சி விழுந்துட்டு. நாளைக்குக் காலையில மருந்தடிக்கேன். வீட்டுல சொல்லிரு, பெட்டியெல்லாம் மூடணும்லா."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நான் வீட்டுக்கு நடந்தேன். அந்த வாரம் எங்கள் கிடங்கில் தற்காலிகமாக இருந்தவர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போடப் போவதாகப் பேச்சு. அன்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் அதையே மனதில் உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஏழு பெட்டியிலும் மேல்தட்டு நிறைந்துவிட்டது, அடுத்த வாரம் தேன் எடுக்கலாம் என்றாள். சாப்பிட்டேன். பட்டியலைப் பற்றி அவளிடம் சொன்னேன். அண்ணன் சொன்னதைச் சொல்லவில்லை. வேண்டுமென்று அல்ல. மறந்துவிட்டேன். இதுவரை நடந்தது யாருக்கும் நடக்கக்கூடியது.

மறுநாள் விடியும்போது முதல் பஸ்ஸில் ஏறினேன். பாலத்துக்கு முன்னால் சாலை வளைகிற இடத்தில் ஜன்னல் வழியே பார்த்தேன். மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு ஆட்கள் வரப்பில் அண்ணன் வயல் பக்கமாக நடந்து போனார்கள். அப்போதுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. பஸ் பாலத்தின்மேல் ஏறிவிட்டது. கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. இன்னும் வெயில் வரவில்லை. வெயில் வந்தால்தான் ஈக்கள் வெளியே கிளம்பும்.

பாலம் தாண்டி முக்காணியில் பஸ் நின்றது. இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனால் அரை மணியில் வீட்டுக்குப் போய்விடலாம். ஈ கிளம்புவதற்குள் வாசலை அடைத்திருக்கலாம். ஆனால் அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். பட்டியல் போடுகிற வாரத்தில் நான் தாமதமாகப் போய் நிற்க வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு பெண்கள் கூடையோடு ஏறினார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து, "எறங்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான், "இல்ல" என்றேன். உட்கார்ந்துகொண்டேன். அவள் எப்படியும் வயலில் ஆட்களைப் பார்த்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழையகாயல் போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே மருந்து வாடை அடித்தது. பின்பக்கம் போனேன். தரை தெரியவில்லை. பெட்டிகளுக்கு முன்னால் ஈக்கள் குவிந்து கிடந்தன, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, சிறகை விரித்துக்கொண்டு. சில இன்னும் மல்லாந்து கிடந்து சுற்றிச் சுற்றி வந்தன. அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் வீங்கியிருந்தது.

ஒன்பது மணிவாக்கில் திரும்பி வந்த ஈக்கள் வாசலில் விழுவதைப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய் வாசல்களை அடைத்திருக்கிறாள். அதற்குள் பாதிக்கு மேல் வெளியே போய்விட்டன. திரும்பி வந்தவை அடைத்த வாசலில் கொத்தாக மொய்த்திருக்கின்றன. திறந்தால் விஷம் உள்ளே போகும். திறக்காவிட்டால் வெளியே இருப்பவை அங்கேயே சாகும். கொஞ்ச நேரம் அடைத்தும் கொஞ்ச நேரம் திறந்தும், எது சரி என்று தெரியாமல் பொழுது முழுவதும் தனியாக நின்றிருக்கிறாள். ஒவ்வொன்றையும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அத்தான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லிவிடலியா?"

"இல்லியே" என்றேன்.

அவள் எழுந்து அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அந்தத் தைரியமும் இல்லை. அண்ணன் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஒரு வார்த்த சொல்லிவிடக் கூடாதா? ஏழு பெட்டியும் போச்சே. ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு என்ன கேடு?"

அண்ணன் செம்பைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தான். "என்னம்மா சொல்லுத? நான்தான் நேத்தே..." என்று ஆரம்பித்தவன், அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செம்பைக் கீழே வைத்தான்.

"நேத்தே சொல்லணும்னு இருந்தேம்மா. மறந்து போச்சு. எம் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

அவள் அழவில்லை. "இனி உங்க வீட்டு வாசல மிதிக்கமாட்டேன்" என்றாள். திரும்பி நடந்தாள்.

மறுநாள் விடியுமுன்னே அண்ணனைத் தேடி வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"ஏண்ணே அப்படிச் சொன்ன?"

"பின்ன எப்படிச் சொல்லச் சொல்லுத? எம்மேல கோவிச்சா அவ அவ வீட்டுல இருப்பா. உம்மேல கோவிச்சா எங்கல போவா?" என்றான். பிறகு, "ஒரு வாரம் போகட்டும். சூடு ஆறுனபெறகு நீயே பக்குவமாச் சொல்லிரு" என்றான்.

பஸ் நின்றதை அவனிடமும் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் ஆனது. அவள் மிஞ்சிய ஈக்களையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்து, சீனிப்பாகு வைத்து, காற்றுப்படாமல் சாக்குச் சுற்றிக் காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடையில் சேர்த்துவைத்த மகரந்தத்திலும் விஷம் ஏறியிருந்தது. அதைத் தின்ற இளம் ஈக்களும் செத்தன. ஊட்ட ஆளில்லாமல் புழுக்கள் அடையின் குழிகளிலேயே காய்ந்தன. இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். இருபது நாள் கழித்து ஒரு கைப்பிடி ஈயும் ராணியும் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒரு மதியம் அவையும் பெட்டியை விட்டுக் கிளம்பிப் போய்விட்டன. அவள் ஏழு பெட்டிகளையும் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அன்றைக்கும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதன்பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று.

அண்ணன் என்னைக் கேட்கவில்லை. அடுத்த பூ சாகுபடியில் வாய்க்காலோர வயலுக்கு மட்டும் மருந்து அடிக்காமல் விட்டான். பாதிக் கதிர் பதராகப் போயிற்று. அவள் பார்த்தாள். "இப்பச் செஞ்சு என்ன?" என்றாள்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். காதுகுத்துக்கு ஊர்ப்பேச்சுக்குப் பயந்து அண்ணன் வீட்டுக்கும் அழைப்பு போனது. அண்ணன் வந்தான். தாய்மாமன் மடியில் வைக்குமுன் பிள்ளையை வாங்கித் திருநீறு பூச வேண்டிய பெரியப்பா அவன்தான். அவளோ அவனிடம் கொடுக்காமல் நேரே தன் தம்பியின் மடியில் பிள்ளையை வைத்தாள். அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். பந்தியில் இலை போட்டபோது எல்லோரையும் "சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், அவனைத் தாண்டிப் போனாள். அவன் கொண்டுவந்த சின்னக் கொலுசை மதினியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். நான் தெருவில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இன்னைக்கே சொல்லிருதேன்."

"விசேஷ வீட்டுலயா? போலே, வந்தவுகளக் கவனி."

பெட்டிகள் போன நாலாம் வருஷம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை குடித்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டான். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனபோது வயிறு உப்பியிருந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கண் மஞ்சளாக, உதடு வெடித்துக் கிடந்தான். ஒருநாள் மதினி தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது கேட்டான்.

"சொன்னியால?"

நான்கு வருஷத்தில் அவன் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இல்லண்ணே."

கண்ணை மூடிக்கொண்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "சரி, விடு. இனிமே சொல்லாத. இனிமே சொன்னா அவ தாங்கமாட்டா" என்றான். ஐந்தாம் நாள் ஊருக்குக் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலம் போய்விட்டான்.

அவள் வந்தாள். மற்ற பெண்களோடு உட்கார்ந்தாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் நாள் வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள், நான் கேட்காமலேயே சொன்னாள்.

"போகட்டும். மனுசன் போயாச்சு. நான் அவுகள மன்னிச்சிட்டேன்."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் இன்னும் நாற்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அண்ணன் சொல்லாதே என்றதையும் மீறிச் சொன்னேன். கடைப்பக்கம் நின்று அவன் சொன்னது, நான் மறந்தது, அவன் முற்றத்தில் என்னைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸையும் சொன்னேன்.

அவள் ஊட்டுவதை நிறுத்தவில்லை. கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"பஸ் முக்காணியில நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பேர் ஏறுத நேரம்."

"அப்ப வெயில் வந்துட்டா?"

"இல்ல."

பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான்கு வருஷம் கழித்து அவளாக அந்தப் படியேறினாள். அங்கே நடந்ததை மதினிதான் ரொம்ப நாள் கழித்து எனக்குச் சொன்னாள். இவள் போய் மதினியின் காலடியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மதினி, "எனக்கு அன்னைக்கே தெரியும்ளா. நீ வாயத் தொறந்தா நான் மனுசனா இருக்கமாட்டேன்னு அவுக சொல்லிட்டாக" என்றாளாம். அதற்குப் பிறகுதான் இவள் அழுதாளாம். தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி, செத்த வீட்டில் முதல் நாள் அழுகிறமாதிரி அழுதாளாம். அந்த அழுகை என் வீட்டுக்கும் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தாள். பதினேழாம் நாள் காலையில் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் அவளிடம், "என்னை என்ன வேணாலும் சொல்லு" என்றேன்.

"உங்ககிட்ட சொல்லுததுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லாதவள் சொல்வதுபோலச் சொன்னாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் சண்டை வந்ததில்லை. நேரத்துக்குச் சாப்பாடு இருக்கும், சட்டை துவைத்திருக்கும். நான் கப்பலைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். திருப்பிக் கேள்வி கேட்கமாட்டாள்.

அடுத்த விதைப்பிலிருந்து அண்ணன் வயலை மதினியும் அவளும் சேர்ந்து பார்த்தார்கள். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதே இரண்டு பேரும் வரப்பில் போய்க்கொண்டிருப்பார்கள். பாலத்துக்கு முன்னால் சாலை வளைகிற இடத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். சில நாள் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். அவள்தான் கையை ஆட்டி ஆட்டி, நிறையப் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று பஸ்ஸுக்குள் கேட்காது.